1440பி (2560×1440 பிக்சல்) மானிட்டருக்கு 7800எக்ஸ்3டி பிராசசர், 4060 கிராபிக்ஸ் கார்டு ஜோடி சரிப்படுமா? பழைய பவர் சப்ளையை வைத்துக்கொள்ளலாமா?

புது_அசெம்பிள்:

முதல் தடவையாகச் சொந்தக் கையால் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யப் போகிறேன். மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது: 27 அங்குலம், 1440பி, 144 ஹெர்ட்ஸ். மற்ற எதையும் இன்னும் வாங்கவில்லை. பட்டியல் இதுதான்:

ரைசன் 7 7800எக்ஸ்3டி
பி650 மதர்போர்டு
டிடிஆர்5 ரேம், 8 ஜிபி வீதம் நான்கு
ஆர்டிஎக்ஸ் 4060, 8 ஜிபி
1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி
பழைய கம்ப்யூட்டரில் இருந்து கழற்றிய 550 வாட் பவர் சப்ளை

பிராசசர் நன்றாக இருந்தால் பல வருடம் ஓட்டலாம் என்று பட்ஜெட்டில் பெரும்பங்கை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். விளையாடுவது பெரும்பாலும் கதையோடு போகும் ஓபன் வேர்ல்டு கேம்கள். துப்பாக்கிச் சண்டை ஆன்லைன் கேம்கள் எப்போதாவதுதான். இந்தப் பட்டியலில் எங்கே கை வைக்கலாம்? மொத்தச் செலவு இதற்கு மேல் ஏறக் கூடாது.

வெப்பப்பசை:

மானிட்டரைப் பார்த்துவிட்டு கார்டை முடிவு செய்யுங்கள், கார்டைப் பார்த்துவிட்டு மற்றதை. நீங்கள் தலைகீழாக வந்திருக்கிறீர்கள்.

1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல், உங்கள் திரையில் சுமார் 36.9 லட்சம். அத்தனையையும் வரைவது கார்டுதான். ஓபன் வேர்ல்டு கேமை 1440பியில் உயர்ந்த செட்டிங்கில் போட்டால் 4060 முழு மூச்சாக ஓடிக்கொண்டிருக்கும், 7800எக்ஸ்3டி பாதி நேரம் சும்மா காத்திருக்கும். அந்த இடத்தில் ரைசன் 5 7600 போட்டாலும் உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

கார்டின் சொந்த நினைவகமான 8 ஜிபி விஷயம் தனி. டெக்ஸ்சரை, அதாவது பரப்புகள் மேல் ஒட்டும் படங்களின் தரத்தை, ஏற்றி வைத்தால் சில புது கேம்களில் அது நிரம்பிவிடுகிறது. நிரம்பியதும் மிச்சம் சிஸ்டம் ரேமுக்குப் போய் வரும். 4060க்கு பிசிஐஇ லேன் (கார்டுக்கும் மதர்போர்டுக்கும் இடையே தரவு போகும் பாதை) எட்டுதான் என்பதால் அந்தப் போக்குவரத்து இன்னும் இழுக்கும். சராசரி ஃப்ரேம் கணக்கில் இது தெரியாது. ஊருக்குள் குதிரையைத் திருப்பும்போது ஒரு விக்கல் விக்கும், சுவரில் டெக்ஸ்சர் கலங்கலாக நின்று இரண்டு விநாடி கழித்துத் தெளியும். அப்படித்தான் தெரியும்.

7600க்கு இறங்குங்கள். மிச்சமாவதைக் கார்டில் போடுங்கள். 16 ஜிபி உள்ள ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி கார்டு வரை எட்டப் பாருங்கள்.

ஆறாவது_விசிறி:

மேலே சொன்னதில் பாதிதான் எனக்கு ஒப்புதல். எக்ஸ்3டி பிராசசரின் 96 எம்பி எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்) சும்மா அலங்காரத்துக்கு இல்லை. ஆன்லைன் சண்டை கேமில் செட்டிங்கைக் குறைத்து ஃப்ரேமை விரட்டுபவருக்கும், சிமுலேஷன் கேம் ஆடுபவருக்கும் அது நன்றாகவே உதவும். ஆனால் இவர் கேட்பது வேறு ஆட்டம், அதுவும் 144 ஹெர்ட்ஸ் திரையில். சரி, இவருக்கு 7600 போதும். பி650 போர்டில் பிராசசர் உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. பின்னால் வேண்டுமானால் அதே போர்டில் எக்ஸ்3டி ஒன்றை மாட்டிக்கொள்ளலாம்.

அப்புறம், உங்கள் பட்டியலில் கூலரே இல்லையே? 7800எக்ஸ்3டி பெட்டிக்குள் கூலர் வராது. 7600 உடன் சின்னதாக ஒன்று வரும். சுமை ஏறினால் கொஞ்சம் இரையும், ஆனால் வேலை நடக்கும்.

ரேமை நான்காகப் போடாதீர்கள். ரைசன் 7000 வரிசையில் நான்கு ஸ்லாட்டும் நிறைந்தால் ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதி தருவது டிடிஆர்5-3600 வேகத்துக்குத்தான். 16 ஜிபி இரண்டு, 6000 வேகம், சிஎல்30 (தாமத அளவு), எக்ஸ்போ (ரேமை அந்த வேகத்தில் ஓட்டும் ஏஎம்டி செட்டிங்) என்று போட்டிருக்கும் ஜோடியாக வாங்குங்கள். டிடிஆர்5இல் 8 ஜிபி ரேம் உள்ளமைப்பிலேயே கொஞ்சம் மந்தம், அதைத் தொட வேண்டாம்.

சத்தமில்லாப்_பெட்டி:

பவர் சப்ளையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் +12வி கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது?

புது_அசெம்பிள்:

+12வி1 18ஏ, +12வி2 17ஏ. கீழே 12 வோல்ட் மொத்தம் 380 வாட் என்று இருக்கிறது. 80 பிளஸ் பிரான்ஸ் முத்திரையும் உண்டு.

சத்தமில்லாப்_பெட்டி:

அந்த 380தான் உங்கள் கையிருப்பு. 18ஐயும் 17ஐயும் கூட்டி 12ஆல் பெருக்கினால் 420 வரும். அந்தக் கணக்கை நம்பாதீர்கள், இரண்டும் ஒரே நேரத்தில் உச்சம் தொட முடியாது என்பதைத்தான் கீழே உள்ள வரி சொல்கிறது. 550இல் மிச்சமெல்லாம் 3.3, 5 வோல்ட் பக்கம். இந்தக் காலத்து பிராசசரும் கார்டும் குடிப்பது 12 வோல்ட்டில்.

7800 எக்ஸ்டி 263 வாட், 7600 முழுச் சுமையில் 88 வாட். இரண்டும் சேர்ந்தே 351 ஆகிவிட்டது. விசிறி எல்லாம் இன்னும் சேரவில்லை. கார்டு நொடியின் சிறு துளியில் இதைவிட உயரத் துள்ளும். அப்போது கேம் நடுவில் கம்ப்யூட்டர் பொட்டென்று அணைந்து மறுபடி எழும். பிரான்ஸ் முத்திரை எவ்வளவு மின்சாரம் வீணாகிறது என்பதற்கான சான்று மட்டுமே, உள்ளே இருக்கும் பாகங்களின் தரத்துக்கு அல்ல.

இந்தக் கார்டுக்கு ஏஎம்டி பரிந்துரைப்பது 700 வாட். நல்ல 750 வாட் ஒன்று வாங்குங்கள். பழைய பவர் சப்ளையின் கேபிள்கள் பொருந்துகிறதே என்று புதியதில் செருகிவிடாதீர்கள். முனை ஒன்றாக இருந்தாலும் உள்ளே கம்பி வரிசை மாறியிருக்கலாம், மாட்டிய பாகம் புகைந்துவிடும்.

வெப்பப்பசை:

பிளெண்டர் (3டி மென்பொருள்), வீடியோ எடிட்டிங் மாதிரி வேலை ஏதும் உண்டா? உண்டென்றால் என்விடியா பக்கம் 4070ஐப் பார்க்கலாம், 12 ஜிபி.

புது_அசெம்பிள்:

அந்த வேலை எதுவும் இல்லை, விளையாட்டு மட்டும்தான். அப்படியென்றால் 7600, 16 ஜிபி இரண்டு ரேம், 7800 எக்ஸ்டி, 750 வாட். கூட்டிப் பார்த்தேன், பட்ஜெட்டுக்குள் வருகிறது. கேபினட்டில் 330 மிமீ வரை கார்டு நுழையும் என்று போட்டிருக்கிறது. மாட்டும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

ஆறாவது_விசிறி:

அந்த 330 முன்பக்க விசிறியைக் கழித்தா கழிக்காமலா என்று பாருங்கள். 25 மிமீ அங்கேயே போய்விடும்.

ரேம் பிராசசரில் இருந்து எண்ணினால் இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில். கார்டுக்கு இரண்டு 8 பின் முனை இருந்தால் இரண்டு தனி கேபிள் இழுங்கள், ஒரே கேபிளின் இரட்டை வாலை மாட்ட வேண்டாம். முதல் தடவை ஆன் செய்ததும் திரை சில நிமிடம் கறுப்பாகவே இருக்கும். போர்டு டிடிஆர்5 ரேமைப் பழக்கிக்கொண்டிருக்கிறது, பயந்துபோய் அணைக்காதீர்கள். மானிட்டர் கேபிளை கார்டில் செருகுங்கள். 7600க்குள்ளும் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் இருப்பதால் மதர்போர்டில் செருகினாலும் படம் வரும், கேம்தான் நொண்டும்.

உள்ளே போனதும் பயாஸில் (மதர்போர்டின் செட்டிங் திரை) எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள், விண்டோஸில் 144 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுங்கள். இரண்டுமே தானாக வராது.