அட்வான்ஸில் பெயிண்டிங் பிடித்தம்: வாடகை அதிகாரியிடம் மனு போட்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். சென்னையில் ஒரு குடித்தனக்காரர் வீட்டைக் காலி செய்து சாவி கொடுத்து இரண்டு மாதம் ஆகிறது. பெயிண்டிங்குக்கென்று ஒரு மாத வாடகை பிடித்தம். மீதி அட்வான்ஸும் வரவில்லை.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, காலி செய்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் வெள்ளையடிப்பு, ஒயரிங், பைப் மாற்றுவது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. குழாய் வாஷர், சுவிட்ச், பூட்டு போன்றவைதான் குடியிருப்பவர் தலையில். இவர் ஒப்பந்தத்தில் பெயிண்டிங் பற்றி ஒரு வரிகூட இல்லை. சுவரில் காலண்டர் மாட்டிய இரண்டு ஆணித்துளை, அவ்வளவுதான். இதற்கு ஒரு மாத வாடகை அநியாயம்.

சிக்கல் இதுதான்: பதினொரு மாத ஒப்பந்தம், பதிவு செய்யவில்லை. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தை வைத்து வாடகை அதிகாரியிடம் போட்ட மனு யாருக்காவது எடுபட்டதா? இல்லை, வக்கீல் நோட்டீஸ், சிவில் கோர்ட் என்றுதான் போக வேண்டுமா? வாடகை அனுப்பிய வங்கிக் கணக்கு விவரமும், சாவி கொடுத்த அன்று எடுத்த வீடியோவும் கையில் இருக்கின்றன. தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.