சிஆர்2032 மூன்று மாதத்தில் தீர்ந்துவிடுகிறது: கோளாறு பேட்டரியிலா, போர்டிலா?

கேள்வி:
கம்ப்யூட்டரில் எச்81 சிப்செட் மதர்போர்டு. அதன் கடிகாரத்தை ஓட்டும் காசு வடிவ பேட்டரிதான் சிஆர்2032. இரவில் சுவர் சுவிட்சையே அணைத்துவிடுகிறோம். காலையில் தேதி 2013க்குப் போய், சீமாஸ் செக்சம் எரர் (போர்டில் சேமித்த அமைப்புகள் கெட்டுவிட்டன என்ற பிழை) வருகிறது. தேதி தவறுவதால் பிரவுசரில் பாதித் தளங்கள் சான்றிதழ் பிழை காட்டுகின்றன. ஆறு மாதத்தில் இரண்டு பேட்டரி போயாயிற்று. இரண்டும் கடையில் டப்பாவிலிருந்து உதிரியாக எடுத்துக் கொடுத்தவை. சார்ஜ் ஏறும் எல்ஐஆர்2032 போட்டால் தொல்லை விடுமா?

பதில் 1:
எல்ஐஆர்2032 வேண்டவே வேண்டாம். முழுச் சார்ஜில் அது 4.2 வோல்ட், போர்டின் கடிகாரப் பகுதி 3 வோல்ட்டுக்கு அமைந்தது. போர்டில் சார்ஜ் செய்யும் சர்க்யூட்டும் கிடையாது. கொள்ளளவு 40 எம்ஏஎச் (மில்லி ஆம்ப் மணி) அளவுதான், சிஆர்2032இல் 220 இருக்கும். சிஆர்2025உம் 3 வோல்ட்தான், ஆனால் தடிமன் 3.2க்குப் பதில் 2.5 மி.மீ.; ஹோல்டரில் லொடலொடவென்று நிற்கும்.

உதிரி பேட்டரிகள் டப்பாவுக்குள் ஒன்றோடொன்று உரசி ஷார்ட் ஆகியே பாதி தீர்ந்திருக்கும். அட்டையில் தனித்தனிக் குமிழில் வருவதை, தேதி பார்த்து வாங்குங்கள். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்தால் புதியது 3.2 அல்லது சற்று மேலே காட்ட வேண்டும். கழற்றிய பழையது 2.8க்குக் கீழே என்றால் மாற்றிவிடலாம்.

பதில் 2:
பேட்டரியை மட்டும் குறை சொல்ல முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கடிகாரம் இழுப்பது சுமார் 5 மைக்ரோ ஆம்ப். 220 எம்ஏஎச் என்றால் 44,000 மணி நேரம், அதாவது ஐந்து வருடம். நல்ல பேட்டரியே மூன்று மாதத்தில் தீர்கிறதென்றால் 100 மைக்ரோ ஆம்ப் எங்கோ கசிகிறது.

அளப்பது சுலபம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு பேட்டரியை வெளியே எடுங்கள். மைனஸை ஒயரால் ஹோல்டரின் மைனஸுக்கு நேரே கொடுங்கள். பிளஸை 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகக் கொடுங்கள். மீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்து ரெசிஸ்டரின் இரு முனையிலும் பிடியுங்கள். ஒரு மில்லிவோல்ட் என்றால் ஒரு மைக்ரோ ஆம்ப். முதலில் கெப்பாசிட்டர் நிரம்புவதால் எண் எகிறும், ஒரு நிமிடம் பொறுங்கள். 10க்குள் நின்றால் போர்டு சுத்தம். பிறகு பவர் கொடுத்துப் பாருங்கள். எண் பூஜ்யத்தை ஒட்டி வர வேண்டும். மைனஸில் போய் நின்றால், மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு கெட்டு பேட்டரிக்குள் சார்ஜ் ஏறுகிறது. அது ஆபத்து, அந்த போர்டில் பேட்டரியை விட்டுவைக்காதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
88 காட்டியது. ஹோல்டரின் இரு கால்களுக்கும் நடுவே ஈரம் பட்டு இறுகிய தூசு, ஓரத்தில் பச்சை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காயவிட்டபின் 6.

பதில் 2:
அதுதான் விஷயம். புதுசு போடும்போது விரலால் இரு முகத்தையும் சேர்த்துப் பிடிக்காமல், உலர்ந்த துணியால் துடைத்து, பிளஸ் மேலே வரும்படி வையுங்கள். கழற்றும்போது ஸ்க்ரூ டிரைவரை போர்டில் ஊன்றி நெம்பாதீர்கள், பக்கத்துக் கொக்கியை மட்டும் தள்ளினால் தானே எம்பும்.

பதில் 3:
சுவர் சுவிட்ச் பற்றி: பிளக்கில் மின்சாரம் இருக்கும்வரை எஸ்எம்பிஎஸ் என்ற பவர் சப்ளையின் ஸ்டாண்ட்பை 5 வோல்ட்டிலிருந்துதான் கடிகாரம் ஓடும், பேட்டரி சும்மா இருக்கும். அணைத்தால்தான் செலவு. 6 மைக்ரோ ஆம்புக்கு அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்; இடி மின்னல் காலத்தில் தாராளமாக அணையுங்கள்.

பேட்டரியைக் கழற்றும் முன் பயாஸ் (போர்டின் அமைப்புகள்) திரைகளை போனில் படம் எடுத்துவிடுங்கள், முக்கியமாக டிஸ்க் இணைப்புக்கான சாட்டா மோடு. அது மாறினால் விண்டோஸ் ஏறாமல் நீலத் திரையில் நிற்கும். டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸின் பிட்லாக்கர் இருந்தால் மீட்புக் குறியீடு கையில் இருக்கட்டும்.

பழைய பேட்டரியை மேசையில் போட்டு வைக்காதீர்கள். குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துவிடும், தீர்ந்த பேட்டரியானாலும்தான். இரு முகத்திலும் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள்.