லண்டன் உறவுகளே, உங்கள் ஓய்வூதிய நிதியத்திடம் ஒரு கேள்வி கேட்பீர்களா?

வணக்கம். புதுக்குடியிருப்பிலிருந்து எழுதுகிறேன். ஜோர்தான் ஆடைத் தொழிற்சாலைக்குப் போன எங்கள் ஊர்ப் பிள்ளையிடமிருந்து கடவுச்சீட்டை இறங்கிய அன்றே வாங்கி வைத்துக்கொண்டார்கள். முகவருக்குக் கட்டிய காசுக்காகத் தாயின் தோடு இன்னும் அடகில் கிடக்கிறது. "வந்துவிடு பிள்ளை" என்று சொல்ல அந்தத் தாய்க்கு வாய் வரவில்லை. சர்வதேச தொழில் அமைப்பு கட்டாய உழைப்புக்குச் சொல்லும் 11 அறிகுறிகளில், கடவுச்சீட்டைப் பிடித்து வைப்பது, கடனில் கட்டிப்போடுவது ஆகிய இவை இரண்டும் உண்டு.

அந்தப் பிள்ளை அனுப்பிய படத்தில், தொழிற்சாலையில் தைக்கும் சட்டையின் கழுத்தில் தைத்திருப்பது ஒரு பிரித்தானியக் கடையின் பெயர். பிரித்தானியாவின் 2015ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டத்தின் 54ஆம் பிரிவுப்படி, ஆண்டுக்கு 36 மில்லியன் பவுணுக்குக் குறையாமல் விற்கும் நிறுவனங்கள் தங்கள் விநியோகச் சங்கிலியில் அடிமைத்தனத்தைத் தடுக்க என்ன செய்கின்றன என்று ஆண்டுதோறும் அறிக்கை வெளியிட வேண்டும். செய்யாவிட்டால் கேட்பார் குறைவு. பங்கு வைத்திருப்பவர் கேட்டால்தான் அசைவார்கள். ரத்போன்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம், அறிக்கை தராத நிறுவனங்களின் ஆண்டுக் கூட்டத்தில் எதிர்த்து வாக்களிப்போம் என்று எழுதியே பலரை வழிக்குக் கொண்டுவந்தது.

உங்கள் ஓய்வூதியப் பணமும் இப்படியான கடைகளில் முதலிடப்பட்டிருக்கலாம். நிதியத்துக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுத யாராவது உதவுவீர்களா? வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் முறைப்பாடு செய்த அனுபவம் உள்ளவர்களும் சொல்லுங்கள். கடையின் பெயரைத் தனிச் செய்தியில் தருகிறேன். இங்கே எழுதினால் பிள்ளைக்குத்தான் ஆபத்து.