எஸ்எஸ்எல்சி சமூக அறிவியல்: தேயிலைக் கேள்விக்கு என்ன எழுதினீர்கள்?

குண்டலைக்காரி கேட்டது:

பரீட்சை முடிந்து டாப் ஸ்டேஷன் பஸ்ஸுக்காக மூணாறில் நின்ற முக்கால் மணி நேரமும் எங்களுக்குள் ஒரே சண்டை. எல்லாம் அமெரிக்கப் புரட்சியால் வந்தது. தமிழ் மீடியத்தில் எழுதியவர்கள் யாராவது தீர்த்து வையுங்கள்.

பொருத்துகவில் 'காமன் சென்ஸ்' எழுதியவருக்கு முதலில் ஜான் லாக் என்று போட்டேன். அப்புறம் அடித்துவிட்டு தாமஸ் பெயின் என்று எழுதினேன். அடித்ததற்கு மார்க் குறையுமா? கால வரிசையில் நான் போட்டது: முதல் கண்ட மாநாடு 1774, சுதந்திரப் பிரகடனம் 1776, பாரீஸ் உடன்படிக்கை 1783, அரசியலமைப்பு மாநாடு 1787. என் தோழி அரசியலமைப்பை உடன்படிக்கைக்கு முன்னால் போட்டுவிட்டு, "சுதந்திரம்னு அறிவிச்சதுமே சட்டம் எழுதியிருக்க மாட்டாங்களா?" என்கிறாள்.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. பாஸ்டன் தேநீர் விருந்துக்குக் காரணம் கேட்டிருந்தார்கள், நாலு மார்க். பிரிட்டன் வரி போட்டதால் தேயிலை விலை ஏறியது, ஜனங்களால் வாங்க முடியவில்லை, அந்தக் கோபத்தில் 1773 டிசம்பர் 16 இரவு மொஹாக் பழங்குடியினர் போல வேடம் போட்டுக்கொண்டு கப்பலில் ஏறி 342 பெட்டிகளைக் கடலில் கொட்டினார்கள் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். பக்கத்து பெஞ்ச் பையன் விலை ஏறவே இல்லை, குறைந்தது என்கிறான். விலை குறைந்தால் எவனாவது கடலில் கொட்டுவானா?

போடிமெட்டு அண்ணன்:

பெயின்தான் சரி. நானும் போன வருஷம் இரண்டு இடத்தில் அடித்து எழுதினேன், மார்க் வந்தது. எழுத ஆரம்பிக்கும் முன் கேள்வித்தாளைப் படிக்கக் கொடுக்கும் கூல் ஆஃப் டைம் 15 நிமிடமும் ஜன்னல் வழியாகக் குரங்கைப் பார்த்தால் இப்படித்தான் ஆகும் (என் அனுபவம்).

உன் வரிசையும் சரி. உன் தோழி நினைத்ததிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. போர் நடந்துகொண்டிருந்தபோதே 13 மாநிலங்களும் கூட்டமைப்பு விதிகள் என்று ஒன்றை எழுதிவைத்திருந்தன. அது 1781இல் நடைமுறைக்கு வந்தது. வரி போடும் அதிகாரம்கூட மத்தியில் இல்லாததால் வண்டி ஓடவில்லை. அதனால்தான் 1787இல் பிலடெல்பியாவில் மறுபடி கூடினார்கள். ஆனால் கேள்வியில் இருந்தது இந்த 1787 மாநாடுதானே? அந்த மார்க் அவளுக்குப் போச்சு.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

பக்கத்து பெஞ்ச் சொல்வது சரிம்மா. 1773 தேயிலைச் சட்டம் புதிதாக எந்த வரியும் போடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் கிடங்குகளில் தேயிலை மலைபோலத் தேங்கிக் கிடந்தது. லண்டன் ஏலமும் இடைத்தரகரும் இல்லாமல் நேராக அமெரிக்காவில் விற்றுக்கொள்ள அனுமதி கொடுத்தார்கள். அதனால் விலை இறங்கியது. ஆனால் பவுண்டுக்கு 3 பென்ஸ் என்ற பழைய டவுன்ஷெண்ட் வரியை மட்டும் எடுக்கவில்லை. மலிவாக இருக்கிறதே என்று வாங்கினால், தங்கள் பிரதிநிதி ஒருவர்கூட இல்லாத பாராளுமன்றம் போட்ட வரியை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். 'பிரதிநிதித்துவம் இல்லையேல் வரியும் இல்லை' என்பது அங்கேதான் வருகிறது. டச்சுத் தேயிலையைக் கள்ளத்தனமாக இறக்கி விற்றுவந்த உள்ளூர் வியாபாரிகளுக்கும் பிழைப்பில் மண் விழுந்தது என்பதையும் மறைக்க வேண்டாம்.

தேதியும் பெட்டியும் வேடமும் சரியாக இருப்பதால் நான் திருத்தினால் இரண்டு போடுவேன். இன்னொன்று, இதே அமெரிக்கப் போரில் யார்க்டவுனில் 1781இல் தோற்ற கார்ன்வாலிஸ்தான் 1786இல் கவர்னர் ஜெனரலாக நம் நாட்டுக்கு வந்தவர். அடுத்த பேட்ச் பிள்ளைகள் குறித்துக்கொள்ளுங்கள்.

குண்டலைக்காரி:

சார், உங்கள் பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து, இடுப்புச் சாக்கை அவிழ்த்து வாசல் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். முதலில் கேட்டது, "எத்தனை கிலோ கொட்டுனாங்க?" தேடிப் பார்த்தேன், 92,000 பவுண்டுக்கு மேல். ஏறக்குறைய 42,000 கிலோ தூள். ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சைக் கொழுந்து வேண்டும் என்று விரல் விட்டு எண்ணி, "ஒன்றரை லட்சம் கிலோவுக்கு மேல கிள்ளியிருக்காளுக. கிள்ளினவளுக்குக் கூலி கொடுத்தாங்களாமா?" என்றார். அது சீனத் தேயிலை, மூணாறில் செடி நட ஆரம்பித்ததே 1880 வாக்கில்தான் என்றேன். "சீனான்னா மட்டும் கை வலிக்காதா?"

விலை விஷயம் எனக்குப் புரிய எடுத்துக்கொண்ட நேரம்கூட அவருக்கு ஆகவில்லை. 2015 செப்டம்பரில் போனஸைப் பாதியாகக் குறைத்தபோது பெண்கள் எல்லாரும் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்களே, அதில் அம்மாவும் ஒன்பது நாள் இருந்தார். ஐந்து வயதில் நானும் மடியில் இருந்தேனாம். "காசு ஒரு பக்கம் இருக்கட்டும். எங்களுக்காக யாரோ ரூமுக்குள்ள பேசி முடிச்சிட்டு வந்து சொன்னதுதான் ஆத்திரம். யூனியன் தலைவருங்களையே கிட்ட சேர்க்கலையே" என்றார்.

இதை அப்படியே எழுதியிருந்தால் நாலும் வந்திருக்கும் போல. அந்தப் பையனிடம் இப்போதைக்கு ஒன்றும் சொல்ல மாட்டேன். கணக்குப் பரீட்சை முடியட்டும்.