பொருள்: 'தாக்கக் காரணி' சரியா?

வணக்கம்.

சமூகவியல் ஆய்விதழ்களைப் பற்றி முதுகலை மாணவர்களுக்கு ஒரு பாடம் எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஓர் இதழின் அண்மைக் கட்டுரைகளுக்குச் சராசரியாக எத்தனை மேற்கோள் கிடைக்கிறது என்று காட்டும் 'இம்பாக்ட் ஃபேக்டர்' என்பதற்குத் 'தாக்கக் காரணி' என்று போட்டிருந்தேன். "எதற்குக் காரணி?" என்று ஒரு மாணவி கேட்கிறாள். நியாயமான கேள்விதான். ஓர் இதழில் 2022, 2023 ஆண்டுகளில் 200 கட்டுரைகள் வந்து, 2024-இல் அவற்றுக்கு 500 மேற்கோள்கள் கிடைத்திருந்தால், 2024-க்கான மதிப்பு 2.5. இதில் காரணி எங்கே? நல்ல சொல் தாருங்கள். இதழ் எந்தப் பொருள்களை ஏற்கும் என்பதைச் சொல்லும் 'ஸ்கோப்' என்பதற்கு 'எல்லை' என்று போட்டிருக்கிறேன், அதையும் பாருங்கள்.

———

> இதில் காரணி எங்கே?

எங்குமே இல்லை அம்மா. காரணி என்றால் மீதியின்றி வகுக்கும் எண். இது வெறும் விகிதம். 'தாக்கக் கெழு' என்று வையுங்கள். கெழு பள்ளிப் பாடநூலிலேயே இருக்கிறது.

———

கெழு எனக்கும் பிடித்த சொல். 'உருகெழு', 'வளங்கெழு' என்று சங்கப் பாட்டில் வரும். குறளில் கெழுதகைமைதான் நட்புக்கு உறுப்பு. ஆனால் ஐயா, கெழு என்பது மாறியைப் பெருக்கி நிற்பது. இங்கே எதைப் பெருக்குகிறது?

எனக்குத் 'தாக்கம்'தான் உறுத்துகிறது. 'பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து' என்பது பின்வாங்கி முட்டும் ஆட்டுக்கடா. கட்டுரை யாரை முட்டியது? ('தாக்கணங்கு' பக்கம் போனால் காமத்துப்பாலிலேயே பொழுது போய்விடும், விடுகிறேன்.) எடுத்து ஆள்வது எடுத்தாட்சி. 'எடுத்தாட்சி விகிதம்' என்போம். அப்படியே சமூகவியலையும் 'குமுகவியல்' ஆக்கிவிடுங்கள்.

———

குமுகவியல் என்று தலைப்பிட்டால் மாணவர் பாடத்தைத் தேடிக்கூடக் கண்டுபிடிக்க மாட்டார். தாக்கம் என்றால் இன்று எல்லாருக்கும் செல்வாக்குதான். கடா எப்போதோ ஓடிவிட்டது.

என் கவலை வேறு. சமூகவியலுக்கு இரண்டாண்டு ஒரு கணக்கா? நெருக்கமில்லாத அறிமுகங்களே புதுச் செய்திகளைக் கொண்டுவருகின்றன என்று சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் எழுதிய கட்டுரை, 1973-இல் அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சோசியாலஜியில் வந்தது. இன்றும் அதற்கு மேற்கோள் குவிகிறது. அந்த இதழின் இந்த ஆண்டு மதிப்பில் அதில் ஒன்றுகூடச் சேராது! 1895-இல் தொடங்கிய இதழின் செல்வாக்கை ஈராண்டுச் சராசரிக்குள் அடைத்துத் 'தாக்கம்' என்று பெயரும் வைத்தால், மாணவர் அதை மதிப்பெண்ணாகத்தான் படிப்பார். இதைக் கொண்டு ஆய்வாளரை எடைபோடாதீர்கள் என்று ஆய்வு மதிப்பீடு குறித்து 2012-இல் உருவான சான்பிரான்சிஸ்கோ அறிக்கையே சொல்கிறது. 'ஈராண்டு மேற்கோள் சராசரி' என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

———

அது விளக்கம், சொல் அல்ல. அட்டவணைத் தலைப்பில் கொள்ளாது. ஐந்தாண்டுக் கணக்கும் ஒன்று உண்டே, அதற்கு இன்னொரு பெயர் தேடுவீர்களா? 'தாக்க எண்' போதும்.

———

'தாக்க எண்'ணுக்கு என் ஆதரவும். 'ஸ்கோப்' என்பதற்கு 'எல்லை' வேண்டாம், வேலி போட்டது போலிருக்கிறது. 'பொருட்பரப்பு' எனலாம்.

———

அனைவருக்கும் நன்றி. 'பொருட்பரப்பு' நன்றாக இருக்கிறது, எடுத்துக்கொண்டேன். மற்றதற்கு இருவர் சொன்ன 'தாக்க எண்'ணையே அனுப்புகிறேன். முதலில் வரும் இடத்தில் 'ஈராண்டு மேற்கோள் சராசரி' என்று விளக்கம் சேர்த்துவிட்டேன்.

———

விளக்கத்திலாவது 'மேற்கோள்' என்பதை 'எடுத்தாட்சி' ஆக்கலாமே அம்மா? அச்சுக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது.