பீன்யா பட்டறைக்கு புது இபிஏபிஎக்ஸ் (ஆபீஸ் போன்களை இணைக்கற பெட்டி): மூணு கொட்டேஷன் வந்திருக்கு, யாரை நம்புறது?

லேத்துக்காரன்:
பெங்களூர் பீன்யால சிஎன்சி ஜாப் ஒர்க் பட்டறை வச்சிருக்கேன். 22 எக்ஸ்டென்ஷன் (உள் போன்), பிஎஸ்என்எல் லேண்ட்லைன் ரெண்டு. போன மாசம் இடி இடிச்சதுல பழைய பெட்டி போயிடுச்சு. போட்டுக் கொடுத்தவர் போனையே எடுக்கல. வேற ஆளை வச்சுப் பாத்தப்பதான் தெரிஞ்சுது, ப்ரோக்ராமிங் பாஸ்வேர்டு எங்ககிட்ட இல்லவே இல்ல. ஆறு வருஷம் தவறாம ஏஎம்சி (வருஷப் பராமரிப்புப் பணம்) கட்டியிருக்கேன்!

இப்ப ஒருத்தர் ஒரு லட்சத்து பத்தாயிரம் சொல்றார், இன்னொருத்தர் ஒன்னே முக்கால். மூணாவது ஆள் பெட்டியே வேணாம், எல்லாம் கிளவுட்ல (இன்டர்நெட் வழியா அவங்க சர்வர்ல), மாசம் மாசம் கட்டுங்கறார். அதோட இன்டர்நெட் வேகத்தை 200 எம்பிபிஎஸ்ஸுக்கு மாத்தினாத்தான் குரல் சரியா வருமாம். மூணு பேரும் நல்லாப் பேசுறாங்க, அதான் பயமா இருக்கு. மாப்பிள்ளை பாக்கற மாதிரி விசாரிங்கன்னு வீட்ல சொல்றாங்க. என்னத்தைக் கேக்கறது?

எஸ்பி ரோடு வயர்மேன்:
வீட்ல சொன்னது சரிதான் சார். ஆனா மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கைகாட்டுற ஆள்கிட்ட விசாரிச்சா நல்லவிதமாத்தான் சொல்வாங்க. கொட்டேஷன் கொடுத்தவங்க தர்ற கஸ்டமர் லிஸ்ட்ல நாலஞ்சு வருஷம் முன்னாடி போட்ட இடமாப் பாத்து நேர்ல போங்க. முதலாளியைப் பாக்காதீங்க, ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணைக் கேளுங்க: கடைசியா எப்ப கெட்டுது, எத்தனாவது நாள் வந்தாங்க? முதலாளிக்கு விலைதான் ஞாபகம் இருக்கும்.

அந்த 200 எம்பிபிஎஸ் கதை. ஜி.711 கோடெக்ல (குரலை டேட்டாவா மாத்தற முறை) ஒரு காலுக்கு, ஹெட்டர் எல்லாம் சேத்து, சுமார் 90 கேபிபிஎஸ்தான். எட்டு பேர் ஒண்ணாப் பேசினாலும் ஒரு எம்பிபிஎஸ்ஸை (ஆயிரம் கேபிபிஎஸ்) தொடாது. யாராவது பெரிய டிராயிங் ஃபைலை அப்லோட் பண்றப்ப குரல் பாக்கெட் வரிசையில மாட்டிக்குது பாருங்க, அப்பதான் பேச்சு உடையும். குரலுக்கு முதல்ல வழி விடுற செட்டிங்குக்கு க்யூஓஎஸ்னு பேரு. "க்யூஓஎஸ் எப்படி செட் பண்ணுவீங்க?"ன்னு கேளுங்க. முழிச்சார்னா டீ கொடுத்து அனுப்பிடுங்க.

போன் எந்த வகைன்னும் பாருங்க. டிஜிட்டல் கீ போன்னா அந்தந்தக் கம்பெனி பெட்டியோடதான் பேசும். சாதாரண எஸ்ஐபி போன்னா (பொது முறையில ஓடற ஐபி போன்) நாளைக்குப் பெட்டி மாறினாலும் பெரும்பாலும் ஓடும். பானசோனிக்கே பிபிஎக்ஸ், அதான் இந்தப் பெட்டித் தொழிலை விட்டுட்டுப் போயிடுச்சு. நான் எத்தனையோ இடத்துல போட்டவன், இன்னிக்கு அதுக்குக் கார்டு தேடி அலையறேன்.

இதெல்லாம் விடுங்க. பெட்டி இடியில போச்சுன்னு சொன்னீங்களே, மூணு பேர்ல எத்தனை பேர் எர்த் பிட் (மின்சாரத்தை மண்ணுக்குள்ள இறக்கற குழி) எங்கேன்னு கேட்டாங்க?

பொம்மசந்திரா ஷிஃப்ட்:
அண்ணா, ரெண்டு விஷயம். பழைய லேண்ட்லைனுக்கு எக்ஸ்சேஞ்ச்ல இருந்தே 48 வோல்ட் வந்துடும், இங்க கரண்ட் போனாலும் பேசலாம். ஐபி போன்ல அது கிடையாது. பெட்டி, சுவிட்ச், ரூட்டர் மூணுக்கும் யுபிஎஸ் கொட்டேஷன்ல இருக்கான்னு பாருங்க. ஐஎஸ்டி (வெளிநாட்டுக் கால்) தேவையில்லன்னா பூட்டச் சொல்லுங்க. எங்க ஆபீஸ்ல எக்ஸ்டென்ஷன் 101க்கு பாஸ்வேர்டும் 101. ஒரு சனிக்கிழமை ராத்திரி முழுக்க எவனோ வெளிநாட்டுக்குப் பேசித் தள்ளிட்டான். பில்லை நாங்கதான் கட்டினோம்.

லேத்துக்காரன்:
மூணு பேரையும் திரும்பக் கூப்பிட்டேன். க்யூஓஎஸ்னு கேட்டதும் கிளவுட்காரர் "அது இன்டர்நெட் கம்பெனி பாத்துக்கும்"னார். எர்த் பத்தி முதல்லயே கேட்டது ஒரே ஆள்தான், அதுவும் ஒன்னே முக்கால் லட்சக்காரர். அன்னிக்கு அவர் பிட் பக்கம் போய் நின்னப்ப நேரத்தைக் கடத்துறார்னு நினைச்சேன். ஒரு சந்தேகம்: பில்லுல அச்சடிச்ச பிஎஸ்என்எல் நம்பரை மாத்தாம வேற கம்பெனிக்குக் கொண்டுபோக முடியுமா?

எஸ்பி ரோடு வயர்மேன்:
முடியாது சார், போர்ட் பண்றதெல்லாம் மொபைலுக்குத்தான். அந்த ரெண்டு லைனையும் அப்படியே வச்சுக்கிட்டு எஃப்எக்ஸ்ஓ போர்ட் (லேண்ட்லைனைச் செருகற இடம்) உள்ள பெட்டியாக் கேளுங்க. லைன் உள்ள நுழையற இடத்துலயே சர்ஜ் ப்ரொடெக்டர் (இடி மின்னல் மின்சாரத்தைத் தடுக்கற கருவி) போடச் சொல்லுங்க. பர்ச்சேஸ் ஆர்டர்ல ஒரு வரி கட்டாயம் எழுதுங்க: அட்மின் பாஸ்வேர்டும் கான்ஃபிகரேஷன் பேக்கப்பும் கைக்கு வந்த பிறகுதான் கடைசித் தவணை. பாஸ்வேர்டை வாங்கினதும் அவர் முன்னாடியே லாகின் பண்ணிப் பாருங்க. தப்பான பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்துட்டுப் போனவங்களையும் பாத்திருக்கேன்.