ஹைவேமேன்: 18ஆம் நூற்றாண்டு இலண்டன் படங்களுக்குத் தமிழ்ச் சொல் தேவை

வணக்கம்.

1750ஐ ஒட்டிய இலண்டனில் நடக்கும் வரலாற்றுப் படம் ஒன்றுக்குத் தமிழ் சப்டைட்டில் தயாராகிறது. ஹைவேமேன், ஃபுட்பேட் என்று இரண்டு வகைக் கொள்ளையர் வருகிறார்கள். அகராதிகளில் இரண்டுக்கும் வழிப்பறிக்காரன் என்றே போட்டிருக்கிறது. கதையோ இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. முன்னவன் குதிரையில் வருபவன். முகமூடி, இடுப்பில் இரண்டு கைத்துப்பாக்கி, பேச்சில் மரியாதை. பின்னவன் சந்து முனையில் தடியோடு காத்திருப்பவன். 'ஃபுட்பேட் குதிரை ஏறிவிட்டால் ஹைவேமேன் ஆகிவிடுவானா?' என்று ஒரு பிரபு ஏளனமாகக் கேட்கிறார். இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்த வசனம் செத்துவிடும். குதிரைக் கள்வன், நெடுஞ்சாலைக் கொள்ளையன் என இரண்டு சொற்கள் கைவசம் உள்ளன. குழுவினர் கருத்துச் சொல்ல வேண்டும்.

* * *

> குதிரைக் கள்வன்

ஐயா, இது வேண்டவே வேண்டாம். குதிரையைத் திருடுபவன் என்றுதான் முதலில் பொருள்படும். அன்றைய இங்கிலாந்தில் குதிரைத் திருட்டு தனிக் குற்றம், அதற்கும் தூக்குத் தண்டனை உண்டு. டிக் டர்பின் பெயர் பெற்றது சாலைக் கொள்ளையால். 1739 ஏப்ரல் 7 அன்று யார்க்கில் அவனைத் தூக்கிலிட்டது குதிரை திருடியதற்காக. அவன் பெயர் ஒரு வசனத்தில் வந்தாலே குழப்பம்தான்.

> நெடுஞ்சாலைக் கொள்ளையன்

இன்றைய பார்வையாளருக்குச் சுங்கச்சாவடியும் லாரியும் கண்முன் வரும். அந்தக் காலச் சட்டத்தில் 'ஹைவே' என்பது பொதுமக்கள் நடமாடும் எந்த வழியையும் குறிக்கும். ஜேம்ஸ் மேக்லேன் என்ற ஹைவேமேன் 1749 நவம்பரில் எழுத்தாளர் ஹொரேஸ் வால்போலின் வண்டியை மறித்தது இலண்டனின் ஹைட் பார்க் பூங்காவுக்குள். நகரத்தையொட்டி நடக்கும் படத்துக்கு 'நெடுஞ்சாலை' பொருந்தாது.

நீளமும் இடிக்கிறது. ஒருங்குறியில் (யூனிகோடு) புள்ளியும் உயிர்மெய்க் குறியும் தனித்தனி இடமாக எண்ணப்படுவதால் 'நெடுஞ்சாலைக் கொள்ளையன்' 22 இடம் பிடிக்கும். வரிக்கு 42 இடம் என்ற வரம்பில் பாதிக்கு மேல் ஒரே சொல்லுக்குப் போய்விடுகிறது.

* * *

புதிதாகச் செய்யத் தேவையே இல்லை. ஆறலைகள்வன் என்ற சொல் நம்மிடம் இருக்கிறது. ஆறு என்றால் வழி, அலைத்தல் என்றால் வருத்துதல். வழிச்செல்வோரை வருத்திப் பொருள் பறிப்பவன். பொருநராற்றுப்படையில் யாழிசை கேட்டு 'ஆறலை கள்வர் படைவிட' என்று வருகிறது. 10 இடம்தான் பிடிக்கும்.

இதோடு சேர்ந்தே 'ஸ்டாண்ட் அண்ட் டெலிவர்' என்ற மிரட்டலுக்கும் விடை கிடைத்துவிடுகிறது. 'வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்' என்கிறது குறள் 552. வேலோடு நிற்பவன் வழிப்போக்கனிடம் சொல்வது 'இடு'. எனவே 'நில்! இடு!' என்று போடலாம். துப்பாக்கியை நீட்டும் ஷாட் ஒரு நொடிகூட நிற்காது. 'நின்று உன் பொருளை ஒப்படை' என்று எழுதினால் படித்து முடிப்பதற்குள் காட்சி மாறிவிடும். 'இடு' பழைய சொல் என்று தயங்க வேண்டாம். 'போடு' என்று புரிந்துகொண்டாலும் பிழையில்லை. மரியாதைக் கொள்ளையன் சீமாட்டியிடம் பேசும் இடத்தில் மட்டும் 'தாருங்கள்' என்று இறக்கிக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை. பன்மையில் ஆறலைகள்வர் என்றே இருக்கட்டும். பேச்சு வழக்கு என்று நினைத்துக் 'கள்ளர்' ஆக்கிவிடாதீர்கள். அது ஒரு சமூகத்தின் பெயர்; மனம் புண்படும்.

* * *

அம்மா சொன்ன ஆறலைகள்வனை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் நீதிமன்றக் காட்சியில் அதைத் தொடாதீர்கள். இலண்டனின் குற்றவியல் நீதிமன்றமான ஓல்ட் பெய்லியின் வழக்குகளில் 'ஹைவே ராபரி' என்பது குற்றத்தின் பெயர். குதிரையில் வந்தவனுக்கும் நடந்து வந்தவனுக்கும் அதே குற்றச்சாட்டுதான். வன்முறையாலோ அச்சுறுத்தியோ பறித்தார்களா என்பதே கேள்வி. பறித்த தொகை சில பென்னிகளே ஆனாலும் தூக்குத் தண்டனை விதிக்கலாம். ஆகவே குற்றம் வழிப்பறி, ஆள் மட்டும் இரண்டு வகை. 'ஆறலைகளவுக் குற்றம்' என்று நீதிபதி வாயில் போட்டால், நடந்து வந்து பறித்தவனுக்கு வேறு சட்டம் இருந்ததாகப் பார்வையாளர் நினைத்துக்கொள்வார்.

கேட்காமலே இன்னொன்றும் சொல்கிறேன், ஏனென்றால் படத்தில் கட்டாயம் வரும்: தீஃப்-டேக்கர், அதாவது பணத்துக்காகத் திருடனைப் பிடித்துக் கொடுப்பவன். இதைக் காவலர், போலீஸ் என்று எழுதுவது பெரிய பிழை. இலண்டன் மாநகரப் போலீஸ் வந்தது 1829இல். நீதிபதி ஹென்றி ஃபீல்டிங்கின் கீழ் குற்றவாளிகளைப் பிடித்த பௌ ஸ்ட்ரீட் ஆட்களே 1749இல்தான் தொடங்குகிறார்கள், அவர்களும் சிறு கூட்டம். அதற்கு முன்னும் பின்னும் கொள்ளையனைப் பிடித்துக் கொடுத்தவர்கள் தனியாட்கள். 1692ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் உறுதியானால் தலைக்கு 40 பவுண்டு. பணத்துக்காகப் பொய்ச்சாட்சி சொல்லித் தூக்குக்கு அனுப்பியதும் நடந்தது. 'பிடிகாரன்' என்பது நல்ல சொல். கூலிக்குப் பிடிப்பவன் என்ற இழிவும் அதில் ஒட்டியிருக்கிறது.

இவர்களில் தலையானவன் ஜோனதன் வைல்டு. திருடர்களை அவனே ஆட்டிவைத்து, களவுபோன பொருளை உரியவரிடம் பணம் வாங்கிக்கொண்டு திருப்பித் தருவான். 1725 மே 24 அன்று இலண்டனின் தூக்குமேடை இருந்த டைபர்னில் அவனையும் தூக்கிலிட்டார்கள். அவன் வாங்கிய பணத்துக்கு நம் தெற்கத்தி ஊர்களில் அச்சாக ஒரு சொல் உண்டு: துப்புக்கூலி. களவுபோன மாட்டை மீட்கக் கொடுத்த பணத்துக்கு அதுதான் பெயர். அடைப்புக்குறி விளக்கம் எதுவும் இல்லாமல் அப்படியே போடலாம்.

* * *

எல்லாம் சரி, சாராயக்கடைக் காட்சியில் ஒரு திருடன் இன்னொரு திருடனைப் பார்த்து 'ஆறலைகள்வன்' என்று பேசினால் காது ஏற்காது. டப்பிங் என்றால் வாயிலும் நுழையாது.

* * *

ஒப்புக்கொள்கிறேன். கொச்சைப் பேச்சு வரும் இடங்களில் 'குதிரைக்காரன்' போதும். அவர்களுக்குள் யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியும். பிரபுக்கள், செய்தித்தாள், பறையறிவிப்பு ஆகியவற்றில் ஆறலைகள்வன். படத்தில் முதல் தடவை வரும்போது குதிரையும் ஆளும் திரையில் தெரியும்படி அந்த வரியை நேரம் பார்த்து வைக்க வேண்டும். இருட்டில் குரல் மட்டும் கேட்கும் காட்சியில் முதன்முறையாகப் போட்டால் புரியாது. அங்கே 'குதிரையில் வரும் ஆறலைகள்வன்' என்று ஒரு தடவை விரித்து எழுதிவிடலாம்.

பிரபு கேட்கும் ஏளன வசனத்தை இப்படி வைத்துப் பார்த்தேன்:

வழிப்பறிக்காரன் குதிரை ஏறினால் ஆறலைகள்வனா?

கேள்விக்குறியோடு சரியாக 42 இடம், ஒரே வரியில் நிற்கிறது. ஃபுட்பேடுக்கு வழிப்பறிக்காரனே இருக்கட்டும். இனி மீதி ஒன்றுதான். இலண்டனை ஒட்டிய ஹவுன்ஸ்லோ, ஃபின்ச்லி பக்கத்துப் புதர் மண்டிய வெட்டவெளிக்குப் 'பொட்டல்' என்று வரைவில் இருக்கிறது. பொட்டலில் ஆள் ஒளிய முடியாது. 'புதர்வெளி' என்று மாற்றப் போகிறேன். வேறு சொல் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.